‘மஞ்சள் காமாலை டெஸ்ட்’ என்று ஒரு டெஸ்ட் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு கடலூர், புதுச்சேரிப் பக்கங்களில் ‘மஞ்சள் காமாலை பரவுகிறது’, ‘இலவச மஞ்சள் காமாலை பரிசோதனை முகாம்’ என்று செய்திகள் வருகின்றன. முகாம் நடப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பெயரில் எந்த லேபிலும் ஒரு பரிசோதனை இல்லை. காமாலை என்பது கண்ணிலும் சிறுநீரிலும் தெரிகிற அறிகுறி. அதற்குப் பின்னால் ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏதாவது ஒன்று இருக்கலாம்; பித்தப்பைக் கல்லோ, எலிக்காய்ச்சலோ, சாராயமோ, சாப்பிட்ட மாத்திரையோகூட இருக்கலாம்.

‘காமாலை பார்க்கணும்’ என்று போய் நின்றால் பிலிருபினும் (ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி) எஸ்.ஜி.பி.டி.யும் (கல்லீரல் என்சைம்) பார்ப்பார்கள், கூடவே பி வைரஸுக்கு ஒரு கார்டு (சில நிமிடத்தில் கோடு காட்டும் பரிசோதனைப் பட்டை) போடுவார்கள். இ வைரஸ் தொற்றி மஞ்சள் பூத்த கண்ணோடு வந்தவருக்குக் கார்டில் ஒரு கோடுதான் வரும், அதாவது பி நெகட்டிவ். ‘காமாலை இல்லையாம்’ என்று வீட்டுக்குப் போய்விடுவார். பிலிருபின் இயல்பான 0.8, கண் வெள்ளை வெளேர் என்று இருப்பவருக்கு இரண்டு கோடு (பி பாசிட்டிவ்) வந்தால் ‘உனக்குக் காமாலை’ என்று சொல்லிப் பத்தியத்தில் போட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் சொன்னது தப்பு.

அந்தக் கார்டைக் கொஞ்சம் பார்ப்போம். பட்டையின் ஒரு முனையில் விட்ட சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஊறி ஏறும்போது, தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடியைக் (எதிர்ப்புப் புரதம்) கூட்டிக்கொண்டு போகிறது. பி வைரஸின் மேலுறைப் புரதமான எச்.பி.எஸ்.ஏ.ஜி. அதில் இருந்தால் ‘டி’ (டெஸ்ட்) கோட்டில் சிக்கி இளஞ்சிவப்பாகத் தெரியும். ‘சி’ (கன்ட்ரோல்) கோடு வந்துவிட்டதே, டெஸ்ட் சரிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். திரவம் ஓடியது என்பதற்கு மேல் அந்தக் கோடு பெரிதாக எதுவும் சொல்வதில்லை. பல கிட்டுகளில் சீரம் விட மறந்து கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டாலும் அது வந்துவிடும். பெரும்பாலான கார்டுகளை 15 நிமிடத்தில் படிக்க வேண்டும், 20-ஐத் தாண்டக்கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் மெல்லிய கோடு தப்பிவிடும். முக்கால் மணி கழித்துப் பார்த்தால் காய்ந்த பட்டையில் இல்லாத கோடு தெரியும்.

கார்டை அடைத்த பவுச்சின் மேல் 2 முதல் 30 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் கத்திரி வெயிலில் கரண்ட் இல்லாத அறை மதிப்பதில்லை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததைச் சூடு ஆறவிடுவதுபோல், குளிர் ஆறவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டையில் வியர்த்து ஓட்டம் கோணலாகும். முகாம் நாளில் நேரம் மிச்சம் பிடிக்க ஐம்பது பவுச்சை முன்கூட்டியே பிரித்து மேசையில் பரப்பி வைப்பதும் அதே கதைதான். கடற்காற்றின் ஈரத்தைக் கார்டு குடித்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கார்டுக்கு ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் பி வைரஸ் கிட்டுகளைத் தேர்வு செய்யும்போது எலிசாவிடம் (லேபில் குழித் தட்டில் செய்யும் பரிசோதனை) மி.லிட்டருக்கு 0.13 யூனிட்டைக் கண்டுபிடிக்கும் திறனை எதிர்பார்க்கிறது. கார்டுக்கு 4 யூனிட் போதும் என்கிறது. ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம். தொற்றின் தொடக்கத்திலும் அளவு குறைந்தவர்களிடமும் கார்டு கோட்டை விடுவது இதனால்தான்.

எலிசா என்றால் தவறே வராது என்றும் இல்லை. 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் அளவில் சீரம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம், என்சைம் ஒட்டிய ஆன்டிபாடி, ஐந்தாறு முறை கழுவல், இருட்டில் நிறம் தரும் டி.எம்.பி. திரவம், கடைசியில் அமிலம், 450 நானோமீட்டரில் ரீடிங். கிட்டுக்குக் கிட்டு அளவு கொஞ்சம் மாறும். கெட்டுப்போவது பெரும்பாலும் கழுவலில்தான். எட்டு ஊசி வாஷரில் ஓர் ஊசி அடைத்துக்கொண்டால் அந்த வரிசையின் பன்னிரண்டு குழியும் பாசிட்டிவ்போல் மஞ்சளாகும். அங்கே பன்னிரண்டு நோயாளிகள் இருக்கமாட்டார்கள், உப்பு படிந்த ஓர் ஊசிதான் இருக்கும். கழுவியபின் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் தட்டாவிட்டாலும், தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்க் குழியைக் காயவிட்டாலும் ரீடிங் ஏறுமாறாக வரும்.

ரத்தம் எடுத்த விதமும் முடிவை மாற்றும். சிவப்பு மூடி டியூபில் எடுத்ததை அரை மணியாவது உறையவிட வேண்டும். அவசரப்பட்டு மெஷினில் வைத்துச் சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் (ரத்தத்தை உறையவைக்கும் புரத இழை) மிதக்கும். அது குழியின் சுவரில் ஒட்டிப் பொய்யான பாசிட்டிவ் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு டயாலிசிஸ் முடித்த கையோடு எடுத்த ரத்தத்தில் இது சகஜம். மெல்லிய ஊசியில் வலிந்து இழுத்து அணுக்கள் உடைந்த சாம்பிளும் அப்படியே: ஹீமோகுளோபினே என்சைம்போல் வேலை செய்து நிறம் தரும்.

இன்னும் இரண்டு பொறிகள். பி தடுப்பூசி போட்ட 18 நாட்கள் வரைக்கும் அந்த ஊசியின் புரதமே பாசிட்டிவாகக் காட்டக்கூடும். அந்த நாட்களுக்குள் டெஸ்ட் எடுக்க வேண்டாம். முடி கொட்டுகிறது என்று தினமும் பத்து மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை போடுபவர்களுக்கு, பயோட்டின் பிணைப்பை வைத்து இயங்கும் சில ஆட்டோமேட்டிக் மெஷின்களில், ரத்தத்தில் இருக்கிற எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லாததுபோல் வரலாம். ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க’ என்று ரத்தம் எடுக்கும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. பியூட்டி பார்லர் சொன்ன மாத்திரையை நோயாளியும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு முறை ரியாக்டிவ் (இன்னும் உறுதிசெய்யாத பாசிட்டிவ்) வந்தால் அதே சாம்பிளை இரண்டு குழியில் திரும்பப் போட வேண்டும். அப்போதும் வந்தால் நியூட்ரலைசேஷன்: எதிர் ஆன்டிபாடியைக் கலந்து ஓட்டி, ரீடிங் பாதிக்குமேல் இறங்கினால் உண்மையான பாசிட்டிவ். இந்த இடத்தில்தான் ரிப்போர்ட்டில் எண் தேவைப்படுகிறது. பாசிட்டிவுக்கான எல்லை எண்ணான கட்-ஆஃபைப்போல் 1.2 மடங்கு வந்தவரும் 150 மடங்கு வந்தவரும் ஒன்றல்ல. முன்னவருடையது பொய்யாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டு பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவது அநியாயம்.

சி வைரஸில் குழப்பம் இன்னும் பெரிது. கார்டோ எலிசாவோ அங்கே பார்ப்பது வைரஸை அல்ல, உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியை. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானே போய்விடுகிறது. மருந்தில் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேர் வந்த முகாமில் 50 பேருக்கு உண்மையிலேயே ஆன்டிபாடி இருக்கிறது, கிட் 99 சதவீதம் துல்லியமானது என்று வைத்துக்கொள்வோம். தொற்றே இல்லாத 9,950 பேரில் நூற்றுக்கு ஒன்று வீதம் சுமார் 100 பேருக்குப் பொய்க்கோடு வரும். ரியாக்டிவ் ஆன 150 பேரில் 100 பேருக்கு ஒன்றுமே இல்லை. மிச்சம் 50 பேரிலும் சிலருக்கு வைரஸ் எப்போதோ போயிருக்கும். இருக்கிறதா போயிற்றா என்று சொல்ல, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். வேண்டும். வளைகுடா நாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்து, குணமாகி வருடக்கணக்கான பழைய ஆன்டிபாடியால் திரும்பி வருபவர் கையில் அந்த பி.சி.ஆர். தாளாவது இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: சி பரிசோதனைக்கு வந்த அன்றே இரண்டு டியூப் எடுங்கள். ஆன்டிபாடிக்குச் சிவப்பு மூடி, பி.சி.ஆருக்கு ஊதா மூடி. ரியாக்டிவ் வந்தால் ஊதா மூடி டியூப் நேராக பி.சி.ஆருக்குப் போகட்டும், வராவிட்டால் கொட்டிவிடலாம். இப்போது பல இடங்களில் நடப்பது, ‘ரியாக்டிவ், மேல்பரிசோதனை செய்யவும்’ என்று சீட்டு எழுதித் தருவது. காட்டுமன்னார்கோவிலில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் அந்தச் சீட்டோடு இன்னொரு நாள் வருவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

பச்சை மூடி டியூபில் எடுத்துவிடக்கூடாது. அதிலுள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரையே முடக்கும். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைத்துவிடுவது பாதுகாப்பு. பைக்கில் தெர்மாகோல் பெட்டியில் மதிய வெயிலில் சுற்றி வந்த முழு ரத்தத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்து, இருக்கிற வைரஸ் இல்லை என்று வரலாம். உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்தாலும் அளவு இறங்கும். காசநோய்க்காக வாங்கி வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் மெஷின்களிலேயே பி, சி இரண்டின் வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்கலாம். கேட்ரிட்ஜும் சிப்பும்தான் வேறு. சி-க்கு ஜீன்எக்ஸ்பர்ட்டில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சிகிச்சை, 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை; நூற்றில் 95 பேருக்குமேல் குணம். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பார்த்தால்தான் குணமா இல்லையா என்று சொல்ல முடியும். அப்போது ஆன்டிபாடி கார்டு போட்டுப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு, பயமுறுத்துபவர்களும் உண்டு.

பி வைரஸுக்கு வருவோம். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்பது முதல் கேள்வி மட்டுமே. புதுத் தொற்றா என்பதைக் கோர் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி (வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிராக, தொற்றின் தொடக்கத்தில் உண்டாவது) காட்டும். ஆறு மாதம் கழித்தும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. நின்றால் நாள்பட்டது. மேலுறைப் புரதம் மறைந்து, பாதுகாப்பு ஆன்டிபாடி இன்னும் தலைகாட்டாத சில வாரங்களில் கோர் ஐ.ஜி.எம். ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும், கார்டை மட்டும் நம்பினால் அந்த நோயாளி ‘நெகட்டிவ்’. பிறகு வைரஸின் டி.என்.ஏ. அளவு. 2024 உலக சுகாதார நிறுவன வழிகாட்டியின்படி மி.லிட்டருக்கு 2,000 யூனிட்டுக்குமேல் டி.என்.ஏ. இருந்து எஸ்.ஜி.பி.டி.யும் இயல்புக்கு மேலே இருந்தால் மருந்து தொடங்கலாம். அந்த ‘இயல்பு’ ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. நம் ரிப்போர்ட்டுகளில் 40 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பதால் 35 வந்த பெண்மணி நிம்மதியாக மடித்து வைத்துவிடுகிறார். 2,000 இருந்தது அடுத்த முறை 4,000 ஆனால் பதற வேண்டாம். மூன்று மடங்குக்குள் ஏறி இறங்குவது டெஸ்டின் ஊசலாட்டம். கல்லீரல் தழும்பைக் காகிதத்திலேயே ஓரளவு கணிக்கலாம். இன்னொரு கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.ஓ.டி. 80, அதன் மேல் வரம்பு 40, பிளேட்லெட் ஒரு லட்சம் என்றால்: 80-ஐ 40-ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து அந்த 100-ஆல் வகுத்தால் 2. விடை 1-ஐத் தாண்டினாலே சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) சந்தேகம்.

கீழாநெல்லி பற்றியும் கேட்பார்கள். 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டறிந்த புளூம்பெர்கோடு சேர்ந்து, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்ததாக லான்செட் இதழில் எழுதியது. பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அது அப்படி நிலைக்கவில்லை. ‘எனக்குப் போய்விட்டது’ என்று சொல்பவர் பலருக்கும் வந்தது ஏ அல்லது இ. அது மோர் குடித்தாலும் போயிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் செக்கப்பிலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்க்க வேண்டும். டி.என்.ஏ. 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை ஆன்டிபாடி ஊசி). பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் டெஸ்ட் எடுக்காதீர்கள். அதில் தாயின் ரத்தம் கலந்திருக்கும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் பாதுகாப்பு ஆன்டிபாடியும் பார்த்தால் போதும். கோர் ஆன்டிபாடி வேண்டாம், தாயிடமிருந்து வந்தது இரண்டு வயது வரை தங்கும்.

மழைக்காலக் காமாலைக்கு ஏ, இ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். எலிசா. ஏ-க்கு ‘டோட்டல்’ பார்த்தால் சிறுவயதில் வந்துபோனதெல்லாம் பாசிட்டிவாக வரும். தெருவில் எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. முதலில் விழுந்த சிலருக்கு உறுதியானால் போதும். கர்ப்பிணிகளை மட்டும் ஒருவர் விடாமல் பாருங்கள்: கடைசி மூன்று மாதத்தில் இ வைரஸ் தொற்றினால் இறப்பு 20, 25 சதவீதம் வரை போகும். இ வைரஸ் உள்ளே போய் இரண்டு முதல் பத்து வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகிறது. கெடிலமும் தென்பெண்ணையும் வடிந்து, டேங்கைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டபின் எடுத்த தண்ணீர் சாம்பிள் சுத்தமாக வருவதில் என்ன ஆச்சரியம்? குழாயின் கடைசி வீட்டில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. என்பது சாதாரண நாளுக்கான குறைந்தபட்ச அளவு. வைரஸ் பயம் இருக்கும் நாளில் இந்தியத் தரநிலை கேட்பது 0.5.

லேப்களிடம் நாங்கள் கேட்பது புது மெஷின் அல்ல. கார்டா எலிசாவா என்ற முறை, கிட்டின் பெயர், கட்-ஆஃபோடு ரீடிங், ரத்தம் எடுத்த நேரம் ஆகியவற்றை ரிப்போர்ட்டில் அச்சிடட்டும். ஜிப்மருக்கு மஞ்சப்பையில் எடுத்துப்போகும் தாளை வாங்கிப் பார்க்கும் டாக்டருக்கு இது இல்லாமல் அந்தத் தாளால் பயன் குறைவு. உங்கள் நிருபர்கள் அடுத்த முகாம் செய்திக்குப் போகும்போது ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்துப் போட வேண்டும்: எந்த வைரஸுக்கு டெஸ்ட்? சி ரியாக்டிவ் வந்தவருக்கு ஆர்.என்.ஏ. எங்கே, எந்தத் தேதியில்?

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள் இருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.