முக்குளிப்புக் கத்திக்கும் சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலிண்டர், அதிலிருந்து மூச்சுக்காற்றைச் சீராகத் தரும் ரெகுலேட்டர், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காலில் கட்டிக்கொண்டு இறங்கும் கத்தியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அது சுறாவை விரட்டுவதற்கானது அன்று. கைவிடப்பட்ட வலையிலோ தங்கூசி எனப்படும் மீன்பிடி நைலான் நரம்பிலோ சிக்கிக்கொண்டால் அறுத்து வெளியேறுவதற்கானது.

சென்ற ஆண்டு புதுச்சேரிக் கடலில், ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில், என் காலில் மாட்டியிருந்த துடுப்பின் வாரில் நைலான் நரம்பு சுற்றிக்கொண்டபோது, வாடகைக்குத் தந்திருந்த கத்தியை உருவ முயன்றேன். அது உறையை விட்டு அசையவில்லை. உடன் வந்தவர் தம் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டதால் தப்பினேன். கரையேறிக் கைப்பிடியின் திருகைக் கழற்றிப் பார்த்தால், வெளியே பளபளத்த எஃகு உள்ளே காப்பித்தூள் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது.

'துருப்பிடிக்காத எஃகு' என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. எஃகிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே அதற்குக் காப்பு. கடல் உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும்போது, காற்றுப் புகாத பிடிக்குள்ளும் ஈர உறைக்குள்ளும் அந்தப் படலம் மீண்டும் உருவாக வழியில்லாமல் போகிறது. 420 வகை எஃகு கூர்மை தாங்கும், ஆனால் எளிதில் துருவேறும். 316 வகை துருவை எதிர்க்கும், ஆனால் விரைவில் மழுங்கும். டைட்டானியத்துக்குத் துருத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல்.

ஆகவே, முக்குளித்த அன்றே கத்தியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிடியைக் கழற்றித் தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவி, உறைக்கு வெளியே வைக்க வேண்டும். (படகில் எல்லாரும் முக்கியெடுக்கும் வாளித் தண்ணீர் மதியத்துக்குள் பாதிக் கடலாகிவிடுகிறது, அதை நம்ப வேண்டாம்.) மண்ணெண்ணெய் கூடாது, அது ரப்பர் வாரைக் கெடுக்கும். மேலோட்டமான பழுப்புப் புள்ளிகள் பற்பசையிட்டுத் தேய்த்தால் போய்விடும். தேய்த்த பிறகும் ஊசிமுனையளவு குழிகள், குறிப்பாக ரம்பப் பற்களின் அடியில், தெரிந்தால் சாணை பிடித்துப் பயனில்லை. அந்தக் குழியிலேயே உப்புத் தங்கி அரிப்புத் தொடரும் என்பதால் கத்தியை மாற்றிவிடுவதே முறை. உறையின் பிடிப்புத் தளர்ந்தாலும், வார் வெடித்தாலும் அவற்றையும் மாற்ற வேண்டும்.

முக்குளிப்பு நிலையங்கள் ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் கையுறை அணிந்த கையால் கத்தியை உருவி, ஒரு துண்டு நரம்பை அறுத்துப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். அனுமதி வழங்கும் துறையினரும் தம் ஆய்வில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களும் படகிலேயே ஒருமுறை உருவிப் பார்த்துவிடலாம். அன்று நான் அதைச் செய்யவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி.