கடலோரக் கேரவனுக்கு இரட்டைக் கண்ணாடி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரவன் வண்டியில் ஊர் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஜன்னலுக்கு, நடுவில் இடைவெளி விட்டுச் சேர்த்த இரட்டைக் கண்ணாடி கட்டாயம் என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது, ஏனென்றால் அந்தக் கட்டாயத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, நானும் வீட்டுக்காரியும் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற மாதிரி மாற்றினோம். பாடி கட்டிய பட்டறைக்காரர், "ஏசி போடுறீங்க, ரெட்டைக் கண்ணாடி போட்டாத்தான் குளிர் நிக்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். முதல் மே மாதம் எங்கள் மண்டபம் ஊருக்குப் பக்கத்து அரியமான் கடற்கரையில் வண்டியைப் போட்டால், மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் பக்கம் உட்கார முடியவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பத்தைக் கடத்தும், இரட்டைக் கண்ணாடி சுமார் 2.8. ஐரோப்பாவில் உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால் 25 டிகிரி வித்தியாசம், அங்கே அது பெரிய மிச்சம். நம் ஊரில் வெளியே 34, ஏசி போட்ட வண்டிக்குள் 26. வெறும் 8 டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 23 வாட்தான் மிச்சம். ஆனால் அதே மேற்குக் கண்ணாடி வழியாகச் சாயங்கால வெயில் நேராக உள்ளே இறங்குவது நூற்றுக்கணக்கான வாட். நிறமில்லாத கண்ணாடி ஒன்றாக இருந்தாலென்ன இரண்டாக இருந்தாலென்ன, வெயிலுக்குப் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டாவது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முடியும்போது இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் போட்டுவிட்டது. அந்த இடைவெளியில் ஈரம் ஏறாமல் ஓரத்தில் பசையும், ஈரத்தை உறிஞ்சும் மணிகளும் வைத்துத்தான் மூடியிருப்பார்கள். வண்டி குலுங்கக் குலுங்க அந்தப் பசை விட்டுப்போகிறது, உப்புக்காற்று உள்ளே போகிறது, அதை உள்ளேயிருந்தும் துடைக்க முடியாது, வெளியேயிருந்தும் துடைக்க முடியாது. வெளிநாட்டு வண்டிகளில் இதையே அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்வார்கள், எடை கண்ணாடியில் பாதிகூட இருக்காது. நல்லதுதான், ஆனால் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மணல் அடித்த பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், கீறலைக் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சரி, கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்றால், 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் வர வேண்டும் என்பது விதி. உள்ளே திரை போடலாம், ஆனால் திரையில் பட்ட சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட சூடுதானே! வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும். நான் இப்போது தள்ளித் திறக்கிற ஒற்றை டஃபன்டு (கடினப்படுத்திய) கண்ணாடியும் கொசுவலையும், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேனும் போட்டிருக்கிறேன். வண்டியை நிறுத்தியதும் ஜன்னலுக்கு வெளியே பனையோலைத் தட்டி தொங்கவிடுவேன். பார்க்கிறவர்கள் டீக்கடை என்று நினைத்து வந்து நிற்கிறார்கள், அது வேறு தொல்லை. ராத்திரி கடல்காற்று வந்துவிட்டால் ஏசியையே நிறுத்திவிடுகிறோம்.

ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பரில் தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. அங்கே நாம் விடும் மூச்சே ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும், அதற்கு இரட்டைக் கண்ணாடிதான் மருந்து. எங்கள் மண்டபம் ஊரில் வண்டிக்குள் ஏசி ஓடினால் வியர்ப்பது கண்ணாடியின் வெளிப்பக்கம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டுரையில் எந்த ஊருக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

கழற்றிய நான்கு கண்ணாடியும் எங்கள் கோழிக்கூண்டு மேல் கிடக்கின்றன. மலைப்பக்கம் போகிறவர்கள் யாராவது வந்து சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், நடுவில் இருக்கும் மூட்டத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக்,
மண்டபம்.