இறக்குமதி வரி: டூல்ரூமிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இறக்குமதி வரியைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். கூட்டினால்தான் உள்நாட்டு ஆலைகள் பிழைக்கும் என்கிறார்கள் சிலர். கூட்டினால் விலை ஏறி வாங்குகிறவர் தலையில்தான் விடியும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆலை என்றதும் இரண்டு தரப்புக்கும் நினைவுக்கு வருவது, பொருள் தயாராகிப் பெட்டியில் ஏறும் கடைசி இடம்தான். நான் 31 வருஷம் வேலை பார்த்தது அதற்குப் பின்னால் இருக்கும் ஓர் அறையில். டூல்ரூம் என்போம், பொருளுக்கு உருவம் கொடுக்கும் அச்சுகளைச் செய்கிற இடம். அந்த அறையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பாட்டில் தலையில் இருந்துகொண்டு, அழுத்தினால் தெளிக்குமே ஒரு மூடி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏழெட்டுப் பாகங்கள். ஒவ்வொரு பாகமும் மெஷினிலிருந்து சில நொடிக்கு ஒரு தடவை கொத்தாக விழுந்துகொண்டே இருக்கும். அந்த மெஷினைக் காசு இருக்கிற யாரும் வாங்கிவிடலாம். பாகத்துக்கு உருவம் கொடுப்பது அதற்குள் பூட்டியிருக்கும் மோல்டு. எஃகில் இரண்டு பாதியாகச் செய்த அச்சு அது. இரண்டு பாதியும் சேருகிற முகத்தில் 0.03 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும், உருகிய பிளாஸ்டிக் அதில் கசிந்து ஓரமெல்லாம் பிசிறு தட்டிவிடும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராத இடைவெளி அது.

அதைச் சரிசெய்கிற வேலைக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். ஒரு பாதியின் முகத்தில் நீல மையை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவுவோம். பிரஸ்ஸில் வைத்து மூடித் திறந்தால், மேடாக இருக்கிற இடங்களில் மட்டும் மறுபாதியில் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணெய்க்கல்லால் தேய்த்து, துடைத்து, மறுபடியும் மை தடவி, மறுபடியும் மூடிப் பார்ப்போம். முப்பது தடவை ஆகும், நாற்பது தடவையும் ஆகும். முகம் முழுக்க நீலம் ஒரே சீராகப் படிகிறவரை விடமாட்டோம். மை கொஞ்சம் தடித்தால் எல்லா இடமும் சேர்ந்துவிட்ட மாதிரி காட்டி ஏமாற்றும். எவ்வளவு தடவலாம் என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. என் மேஸ்திரி என் ஆட்காட்டி விரலைத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்து, எஃகின் மேல் இழுத்துக் காட்டினார். “தம்பி, மைக்கு அடியிலே இரும்பு தெரியணும். தெரியலைன்னா நீ மையைத்தான் அளக்கிறே” என்றார். அது எனக்குக் கைவர இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு மோல்டை நானே முழுசாகச் செய்து முடிக்க ஏழு வருஷம்.

நான் இருந்த கம்பெனியின் டூல்ரூமில் 14 பேர் இருந்தோம். முதலில் மோல்டு வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்தது. எங்களுக்கு ஆகிற செலவில் பாதிகூட இல்லை, நாளும் குறைவு. முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கணக்கு அவருக்கு. புது வேலை போய் ரிப்பேர் மட்டும் எங்களிடம் நின்றது. தொழில் கற்க வருகிற பையன்களைச் சேர்ப்பதும் நின்றது. யாரும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். அப்புறம் மூடியே தயாராக வந்து இறங்கியது. 14 பேர் 6 பேரானோம். கடைசியில் டூல்ரூமைப் பூட்டி மெஷின்களை எடைக்குப் போட்டார்கள். அளவு பார்க்கிற கிரானைட் மேடை ஒன்று இருந்தது. அதன்மேல் ஈரக்கை படக்கூட நாங்கள் விட்டதில்லை. லாரிக்காரர்கள் வந்த அன்று அதன்மேல் சங்கிலியும் ஸ்பேனரும் குவிந்து கிடந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அரசு அந்த மூடிக்கு இறக்குமதி வரியை ஏற்றியது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலாளியும் கதவைத் திறந்தார். ஆனால் வரி முழு மூடிக்குத்தான், பாகங்களுக்கு இல்லை. பாகங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மேசை போட்டு ஆட்களை உட்கார வைத்து ஸ்பிரிங்கையும் குழாயையும் செருகினார்கள். அட்டைப்பெட்டியில் உள்நாட்டுத் தயாரிப்பு என்று அச்சடித்தார்கள். அங்கே வேலை கிடைத்தவர்களுக்கு அது சோறு, அதை நான் மட்டமாகப் பேசவில்லை. ஆனால் அந்த வேலையைக் கற்க அரை நாள் போதும். வரி போன மறுநாள் அந்த மேசைகளும் போய்விடும்.

பாகங்களையும் இங்கேயே செய்யலாமா, டூல்ரூமைத் திரும்பத் தொடங்கலாமா என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். பழைய ஆட்களைத் தேடினேன். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். நான்கு பேர் வெளிநாட்டில். ஒருவர் வேன் ஓட்டுகிறார், திரும்ப வர மனசில்லை. இளைய ஆள் ஒருவர்கூட இல்லை, பையன்களைச் சேர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டோமே. சரி, நானே நான்கு பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று எஃகு விலை விசாரித்தால், வரி ஏற்றிய அதே அறிவிப்பில் மோல்டு செய்கிற எஃகுக்கும் வரி ஏறியிருந்தது. வெளிநாட்டில் செய்து முடித்த மோல்டுக்கு வரி குறைவு, மோல்டு செய்யும் எஃகுக்கு வரி அதிகம்! தலைகீழ் வரி என்று அதிகாரிகள் பேச்சில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பெயர் வைக்கிற அளவுக்கு நடக்கிற தப்பு அது. அந்தத் திட்டம் அதோடு நின்றது.

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடலாம் என்பதால், ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து மற்ற நாடுகளின் கதையையும் படித்தேன். அர்ஜென்டினாவின் தென்கோடித் தீவான தியரா டெல் ஃபுவேகோவில் 1972-இல் சட்டம் போட்டு வரிச்சலுகை கொடுத்தார்கள். மின்னணு ஆலைகள் வந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் அங்கே முக்கியமாக நடப்பது, வெளியிலிருந்து வருகிற பாகங்களைப் பூட்டுகிற வேலைதான். பூட்டி முடித்ததைத் திரும்பக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோய் விற்கிறார்கள். படித்தபோது எங்கள் மேசைகள்தான் நினைவுக்கு வந்தன.

அமெரிக்காவில் 2018-இல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார்கள். மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் டிரையருக்கு வரியே இல்லை. இருந்தும் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்பதால் அதன் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. புதிதாக வந்த வேலை சுமார் 1,800. ஒரு வேலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8,15,000 டாலர் வீதம் வாங்குகிறவர்கள் கொடுத்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே வருஷம் எஃகுக்கு 25 சதவீதம். எஃகு உருக்குகிறவர்களைவிட, எஃகை வாங்கி வேறு பொருள் செய்கிறவர்கள் அங்கே பல மடங்கு. அந்தப் பல மடங்கு பேருக்கும் மூலப்பொருள் விலை ஏறியது. எங்கள் டூல்ரூம் திட்டத்தை முடக்கிய அதே கணக்கு.

அப்படியானால் வரியே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பின்னாளில் சுதந்திர வர்த்தகம் பேசிய இங்கிலாந்தே, இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணி தன் நெசவாளர்களைச் சாய்க்கிறது என்று 1700-இல் அதன் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் உடுத்தவே தடை போட்டது. அந்தத் தடை 1774 வரை இருந்தது. நூற்பு இயந்திரங்கள் வந்து தன் காலில் நிற்கத் தெம்பு பிறந்த பிறகுதான் எடுத்தார்கள். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன், வளரும் தொழிலுக்கு அரசின் கை வேண்டும் என்று 1791-லேயே அறிக்கை கொடுத்தார். ஏறி முடித்தவர்கள் ஏணியைத் தள்ளிவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

ஆனால் ஏணியில் ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள் என்று பார்க்க வேண்டும். தென்கொரியாவில் வெளிநாட்டுக் கார் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திவைத்தார்கள். கூடவே உள்நாட்டுக் கம்பெனிகளை, பாகங்களை இங்கேயே செய், ஏற்றுமதி செய்து காட்டு என்று நெருக்கினார்கள். ஏற்றுமதி செய்தவர்களுக்குத்தான் மலிவு வட்டிக் கடன். ஹூண்டாய் போனி 1975-இல் வந்தது. வடிவமைப்பு இத்தாலியருடையது, எஞ்சின் மிட்சுபிஷியுடையது. மறு வருஷமே ஈக்வடாருக்குக் கப்பல் ஏறியது. உள்ளூரில் கட்டாயத்தால் வாங்குகிறவர்களிடம் பிசிறு தட்டின பொருளையும் தள்ளிவிடலாம். வெளியூர்க்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். ஏற்றுமதியைக் கட்டாயமாக்கினால் டூல்ரூம் தானாக ஒழுங்குக்கு வரும் என்பதை நான் கையால் அறிவேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஹார்லி டேவிட்சன் என்கிற அமெரிக்க பைக் கம்பெனி. 1983-இல் அமெரிக்க அரசு 700 சிசி-க்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஐந்து வருஷம்தான், அதுவும் வருஷா வருஷம் குறையும் என்று முதல் நாளே எழுதிவைத்தார்கள். வரிதான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஜப்பான்காரர்கள் எஞ்சினை 700-க்குக் கீழே சிறிதாக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்ததால் கம்பெனி தன் உற்பத்தி முறையை மாற்றியது. ஜப்பான்காரர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது. 1987-இல், தவணை முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே, போதும், வரியை எடுத்துவிடுங்கள் என்று தானாகவே கேட்டது. வரியை எடுக்கச் சொல்லித் தானே மனுப்போட்ட இன்னொரு கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆஸ்திரேலியாவில் கார்களுக்கு எண்பதுகளில் 57.5 சதவீத வரி இருந்தது. அந்த வேலிக்குள் அளவுக்கு மீறிய மாடல்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வண்டிகள். பிறகு வரியைப் படிப்படியாக 5 சதவீதமாக இறக்கினார்கள். 2016-இல் ஃபோர்டு ஆலை மூடியது, 2017-இல் டொயோட்டாவும் ஹோல்டனும். நாணய மதிப்பு, சம்பளம், சந்தை அளவு என்று காரணம் பல சொல்கிறார்கள், எல்லாம் உண்மைதான். அந்த மூன்று கம்பெனிகளையும் நம்பி வாழ்ந்த பாக ஆலைகளையும் டூல்ரூம்களையும்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

இறக்குமதியால் மட்டுமே வேலை போனது என்று சொல்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு எஃகை வெட்டுகிற ஒயர்கட் மெஷின் எங்கள் டூல்ரூமுக்கு வந்த மாதமே, மூன்று பேர் ஒரு வாரம் ராவிக் கொண்டிருந்த வேலையை அது ஓர் இரவில் வெட்டிப் போட்டது. அமெரிக்காவில் 2000-இல் ஒரு கோடியே 70 லட்சத்துக்கு மேல் இருந்த ஆலை வேலைகள் 2010-இல் ஒரு கோடியே 15 லட்சம் ஆனதற்கு இறக்குமதி ஒரு பெரிய காரணம்தான். மெஷினும் பொருளாதார மந்தமும் மற்ற காரணங்கள். வரி போட்டால் அத்தனை வேலையும் திரும்பி வரும் என்று தொழிலாளிக்கு ஆசை காட்டாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். வரியை ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றும் நாளிலேயே அது எந்த வருஷம் முடியும் என்று எழுதுங்கள். முழுப் பொருளுக்கு ஏற்றும்போது அதன் பாகத்துக்கும் மூலப்பொருளுக்கும் என்ன வரி என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வரியால் லாபம் அடைகிற கம்பெனி, வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகளை டூல்ரூமில் சேர்த்துத் தொழில் சொல்லிக்கொடுத்தது என்று கணக்குக் காட்டட்டும். காட்டாதவருக்கு வரிப் பாதுகாப்பு எதற்கு? ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரி உயர்வுச் செய்தி போடும்போது எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், எதுவரை, பாகங்களுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் உங்கள் நிருபர்கள் கேட்டுப் போட வேண்டும்.

எனக்கு இப்போது 66 வயது. பார்வை நன்றாக இருக்கிறது, கையில் நடுக்கம் இல்லை. எங்காவது டூல்ரூம் திறக்கிறார்கள் என்றால், சம்பளம் பேசாமல் வந்து பிள்ளைகளின் விரலைப் பிடித்து மை தடவக் காட்டிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என் மேஸ்திரியிடம் கற்றவர்களில் இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறோம். மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டேன், அவர்களும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்)