மொத்தத் தொகையை வாங்கும்போதே சொல்லுங்கள்

எல்லை தாண்டிப் பொருள் விற்கும் இணைய விற்பனைத் தளங்களை நடத்துவோருக்கு,

வணக்கம்.

என் அம்மாவின் காது மெஷினில் ரிசீவர் என்று ஒரு சின்ன உதிரி உண்டு. மெல்லிய கம்பியின் நுனியில், காதுக்குள் போய் உட்காரும் ஒலிபெருக்கி. காதழுக்கு ஏறி ஏறி ஒருநாள் அது ஊமையாகிவிடும். மெஷின் பழைய மாடல் என்பதால் அந்த உதிரி உள்நாட்டில் கிடைக்கவில்லை. உங்களைப் போன்ற ஒரு தளத்தில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இருந்தது. விலையையும் அனுப்பும் செலவையும் கூட்டி ‘மொத்தம்’ என்று திரையில் காட்டினார்கள். அதைக் கட்டினேன்.

12 நாள் கழித்துக் கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டு இன்னொரு தொகை கேட்டார். உதிரியின் விலையில் பாதிக்கும் மேல். கட்டினால் பார்சல் கைக்கு வரும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகும். “யாரு வந்திருக்கா?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். சொன்னாலும் காதில் விழாது என்பதால் பேசாமல் போய்ப் பணத்தை எடுத்து வந்தேன்.

வரியைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் நீங்கள் இல்லை. தன் எல்லைக்குள் வரும் பொருளுக்கு வரி போடுவது ஒரு நாட்டின் உரிமை. உள்நாட்டுக் கடைக்காரர் வரி சேர்த்து விற்கும்போது, கடல் கடந்து வருவது மட்டும் வரியில்லாமல் வந்தால் அது அவர் வயிற்றில் அடிப்பது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். திரையில் நீங்கள் ‘மொத்தம்’ என்று எழுதியது மொத்தம் இல்லையென்றால், அந்தச் சொல்லை அங்கே ஏன் எழுதினீர்கள்?

கூரியர்காரர் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். முதலில் சுங்க வரி. அது பொருளின் விலைக்கு மட்டும் போட்டதல்ல; அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குப் போட்டது. பெரும்பாலான நாடுகளில் இதுதான் முறை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள்தான் சுங்க வரிக் கணக்கில் அனுப்பும் செலவைச் சேர்ப்பதில்லை. அடுத்து உள்நாட்டு விற்பனை வரி. அது சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மேல் ஏறுகிறது, அதாவது வரிக்கும் வரி. ரசீதில் மூன்றாவதாக இருந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. எனக்காகச் சுங்கத்தில் முன்பணம் கட்டியதற்கும் காகித வேலைக்கும் என்று கூரியர் நிறுவனம் எடுத்துக்கொண்ட கட்டணம். அதில் ஒரு காசுகூட அரசுக்குப் போவதில்லை. சுங்க வரியைவிட அந்தக் கட்டணம் பெரிது. விலை குறைந்த பார்சல்களில் இப்படித்தான் ஆகிறது, ஏனென்றால் பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கட்டணத்துக்கு ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள்.

வரி விகிதத்தைத் தீர்மானிப்பது பொருளின் குறியீட்டு எண். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் வகைப்பாடு அது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட வகைகள், ஒவ்வொன்றுக்கும் 6 இலக்க எண். அதன் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இன்னும் சில இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. காது கேட்கும் கருவிகள் 9021 என்ற தலைப்பில் வருகின்றன. பாட்டுக் கேட்கும் இயர்போன் 8518-இல் வருகிறது. அம்மாவின் குட்டி ரிசீவர் எதில் சேரும் என்பது விவரம் தெரிந்தவர்கள் ஆவணம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் பெட்டியின் மேல் ‘எலெக்ட்ரானிக் சாமான்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எண் கிடையாது, எதற்கான உதிரி என்ற குறிப்பும் கிடையாது. ஒரு நாளில் எத்தனையோ பெட்டிகளைப் பார்க்கும் அதிகாரி இதை வைத்து என்ன முடிவு செய்வார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விற்பனையாளரிடம் அந்த எண்ணை நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அஞ்சலில் வரும் பார்சலில், உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்று சுங்கத்துக்குச் சொல்ல ஒட்டும் சிஎன்22 சீட்டிலும் இதே கதைதான்: ‘அன்பளிப்பு’, ‘மாதிரி’ என்று எதையாவது கிறுக்கி அனுப்புகிறார்கள். வாங்குபவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு விலையைக் குறைத்து எழுதும் விற்பனையாளர்களும் உண்டு. அது பிடிபட்டால் சுங்கத்தின் கேள்வியும் அபராதமும் வருவது இறக்குமதி செய்தவரிடம். அந்த இறக்குமதியாளர் நாங்கள்தான் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

முன்பு விலை குறைந்த பொருள்களுக்குப் பல நாடுகளில் விலக்கு இருந்ததால் இந்தச் சங்கடம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. இப்போது அந்தக் கதவு நாடு நாடாகச் சாத்தப்படுகிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல், 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கும் ஜிஎஸ்டி வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 2016-இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்திய வரி விலக்கை, 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் நிறுத்தியது. யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாமல், பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அந்தச் சமயம் அமெரிக்காவுக்குச் சரக்குப் பார்சல் எடுப்பதையே நிறுத்திவைத்தன. அஞ்சல் துறைகளே திகைத்து நின்ற இடத்தில், ஒரே ஒரு உதிரி வாங்குபவர் தானாகக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாமா?

முடியாது என்று நீங்கள் சொல்ல வழியில்லை. ஆஸ்திரேலிய முகவரி என்றால் ஜிஎஸ்டியைச் சேர்த்துத்தான் விற்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோ வரையிலான பொருளுக்கு வாட் வரியை விற்கும் இடத்திலேயே வாங்கி ஒரே கணக்கில் கட்ட வழி இருக்கிறது. பிரிட்டனில் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரை இதேபோல்தான். சட்டம் கட்டாயப்படுத்திய இடங்களில் கச்சிதமாகச் செய்துவிட்டு, கட்டாயப்படுத்தாத இடங்களில் ‘இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு’ என்று விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதிக் கைகழுவிவிடுகிறீர்கள். எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன பொருள், என்ன விலை, அனுப்ப என்ன செலவு, இந்த நான்கும் உங்கள் கையில் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது பணம் கட்டும் பொத்தான் மட்டும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்’ என்று மோசடிக்காரர்கள் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். தெரியாத எண்ணிலிருந்து, ஒரு இணைப்போடு, சின்னத் தொகை கேட்டு வரும். உண்மையான கூரியர் செய்தியும் அச்சு அசல் அப்படியேதான் வருகிறது. எப்போது, யார், எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாதவர் எதை நம்புவது? வாங்கும்போதே எல்லாம் கட்டி முடிந்திருந்தால், அதற்குப் பின் பணம் கேட்கும் எந்தச் செய்தியும் பொய் என்று அம்மாவுக்குக்கூட ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

பார்சல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். திருப்பினால் போக்குவரத்துச் செலவைக் கழித்துக்கொண்டுதான் மீதி வருகிறது; சில விற்பனையாளர்கள் அதுவும் தருவதில்லை. வரியைக் கட்டி வாங்கிய பின் பொருள் சரியில்லையென்று திருப்பினால், கட்டிய வரியைத் திரும்பப் பெறத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.

ஆகவே கேட்கிறேன். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, விலை இருக்கும் அதே எழுத்தளவில், வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்த தொகையைக் காட்டுங்கள். அதை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நாணய மதிப்பு மாறும், அதிகாரியின் முடிவு வேறாகலாம் என்பது உண்மைதான். கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். குறைந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறாகக் கணக்கிட்டால் உங்களுக்கு நஷ்டம் என்று ஆனால்தான் கணக்குச் சரியாக வரும். ஏதோ ஒரு நாட்டுக்கு நிஜமாகவே முடியவில்லையென்றால், ‘இன்னும் பணம் கட்ட வேண்டிவரும்’ என்று அந்த இடத்திலேயே, வாங்குபவரின் மொழியில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு வலது காது இப்போது கேட்கிறது. இடது காதின் ரிசீவரும் கரகரக்கத் தொடங்கிவிட்டது. அதை உங்கள் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்