இறக்கினால் போதுமா? அலைன்மென்ட் எங்கே?

ஆசிரியருக்கு,

காரைத் தாழ்த்த 'காயில்ஓவர்' (உயரத்தை மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மாட்டுவது இளைஞர்களிடம் பரவி வருகிறது. பாகம் நல்லதாகவே இருக்கலாம். அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது, இல்லாமல் மாட்டிய கையோடு சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவதில்தான் கோளாறு.

மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் அமைப்பு உள்ள காரில் உயரம் குறைந்தால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) இரண்டுமே மாறும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் வழுக்கையாவதற்குப் பெரும்பாலும் டோதான் காரணம்; பழி என்னவோ கேம்பருக்கு! கேம்பரைத் தொட்டால் டோ கலையும் என்பதால் முதலில் கேம்பர், கடைசியில் டோ என்பதே சரியான வரிசை.

அதற்கும் முன்பு, சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கவனிக்க வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கிவைத்து முழுதாக இறுக்கவே கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) போட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே உழைத்துக் கிழியும். அவசர வேலையில் முதலில் விடுபடுவது இதுதான்.

டேம்பரை (ஷாக் அப்சார்பரை) முழுக்க இறுக்கினால் வளைவில் பிடிப்பு கூடும் என்பது தவறு. ஒட்டுப்போட்ட சாலையில் டயர் துள்ளி, பிடிப்பு குறையும். மென்மையான நிலையில் தொடங்கி, ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து, டேம்பர் திருகை இரண்டிரண்டு கிளிக்காக (படியாக) இறுக்கிக் கூட்டலாம். பின்பக்கத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் மழையில் வால் வீசும்.

அதிகமாக இறக்கினால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் கட்டை) முட்டும். வளைவில் ஒரு குழி வந்தாலே கார் தடமாறும். ஹெட்லைட் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் செய்யும் கடைகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– வாகனப் பழுதுநீக்குநர், கோவை