பிராஜெக்டில் மாணவிகளுக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் மாணவிகளே அதிகம் தேர்ச்சி என்று வருடா வருடம் செய்தி போடுகிறீர்கள், படிக்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். அந்த மாணவிகளில் நிறைய பேர் கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கணினி, எலக்ட்ரானிக்ஸ் என்று சேர்கிறார்கள், பல வகுப்புகளில் பாதிக்குப் பாதி அவர்கள்தான். ஆனால் சேர்ந்த பிறகு அந்த நான்கு வருடத்தில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று உங்கள் பத்திரிகையிலோ வேறு எதிலுமோ நான் ஒரு செய்தி பார்த்ததில்லை. இந்தப் பகுதியில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. 2020-21 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் அறிவியல் பிரிவில் இருந்தவர்கள் 57.2 லட்சம் பேர், அதில் பெண்கள் 29.5 லட்சம், அதாவது ஆண்களைவிட அதிகம். ஆனால் நாட்டின் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியில் இருப்பவர்களில் பெண்கள் 2018இல் வெறும் 16.6 சதவீதம் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையே சொல்கிறது. பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வாசல் வரை வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் நம் ஊர் நிலைமை அமெரிக்காவிலிருந்து வேறு. அங்கே பெண்கள் கணினி வகுப்பில் சேருவதே குறைவு. இந்தியாவில் கணினி படிக்கும் மாணவிகளிடம் ரோலி வர்மா என்ற ஆய்வாளர் நேரில் பேசிப் பார்த்தபோது, இது பெண்களுக்கு ஏற்ற படிப்பு, உள்ளே உட்கார்ந்து செய்யும் பாதுகாப்பான வேலை, நல்ல சம்பளம் என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்பா அம்மா சொல்வதும் இதுதான், மெக்கானிக்கல் வேண்டாம்மா, வெயிலில் நிற்கணும், கம்ப்யூட்டர் எடு என்பார்கள். சரி, இதனால் கதவு திறந்தது, நல்லதுதான். ஆனால் பாதுகாப்பாக உட்காரும் வேலை என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்ணை லேபிலும் அப்படியே ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள், இதைத்தான் நான் ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன்.

பிராஜெக்ட் டீமை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரில் கோடிங்கும் ஹார்டுவேரும் பையன்கள் கையில், பிபிடி, ரிப்போர்ட், ரெக்கார்டு எழுதுவது மாணவி கையில். உனக்கு ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கு, நீ நல்லா பேசுவ என்று பாராட்டாகச் சொல்லித்தான் இந்த வேலை வருகிறது, அதனால் மறுக்கவும் முடிவதில்லை. மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற தொழில்நுட்பப் போட்டியில் ஆறு பேர் டீமில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல விதி, ஆனால் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கும்போது ஒரு பொண்ணு வேணும், யாராவது வாங்க என்று ஆள் தேடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன பெண்ணுக்கு அங்கே என்ன வேலை கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்கே புரியும்.

நம் ஊர் பையன்களை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) உள்பட நான்கு கல்லூரிகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. பொறியியல் படிக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரை மாதம் இரண்டு முறை நாட்குறிப்பு எழுதச் சொல்லி, ஆயிரக்கணக்கான குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: இரண்டு பெண்கள் மணிக்கணக்காக ஒரு ரோபோவில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, அப்புறமாக வந்த அதே குழுப் பையன்கள் சில நிமிடத்தில் அவர்களுக்கு எடுபிடி வேலைகளைக் கொடுத்துவிட்டு மெஷின் ஷாப்புக்கு, அதாவது இயந்திரப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் பொறியியலை விட்டுப் போவதற்குப் பாடம் கடினம் என்பதைவிட குழு வேலையிலும் இன்டர்ன்ஷிப்பிலும் நடத்தப்படும் விதம்தான் பெரிய காரணம் என்பது அந்த ஆய்வின் முடிவு. எனக்கு அதைப் படித்தபோது கோபமும் வந்தது, ஒரு தெம்பும் வந்தது. நம் பெண்கள் ஸ்டாஃப் ரூமில் வந்து சொல்வதை அங்கே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது நேரம். எந்த டெக்னிக்கல் கிளப்பிலும் உண்மையான வேலை நடப்பது வகுப்பு முடிந்த பிறகுதான். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கமிருந்து வரும் மாணவிக்குக் கல்லூரி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை, பஸ் மாலையிலேயே கிளம்பிவிடும். அதே ஊர்ப் பையன் பைக்கில் வருகிறான், எட்டு மணி வரை இருந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறான். விடுதிப் பெண்களுக்கோ வார்டனும், நேரத்துக்குப் பூட்டும் வாசல் கதவும் தடை. அது பாதுகாப்புக்காக என்பது தெரியும், எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30க்கு விடுதியைப் பூட்டுவதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன பிறகு, ஆண் பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே விதி என்று கேரள அரசு உத்தரவு போட்டது. நம் பக்கத்தில் குறைந்தபட்சம் வாரம் இரண்டு நாளாவது தாமதமாக ஒரு பஸ் விடலாம், லேபைத் திறந்து வைத்து ஒரு ஆசிரியை இருக்கலாம். இதற்கு உத்தரவு எதுவும் தேவையில்லை.

வகுப்புக்கு வெளியேயும் இதேதான். மொபைலில் குழுவாக விளையாடும் மாணவிகள் மைக்கை ஆஃப் செய்துவிட்டு விளையாடுகிறார்கள், பெயரையும் பையன் பெயராக வைத்துக்கொள்கிறார்கள், ஏன் என்று கேட்டால் குரல் கேட்டதும் ஆரம்பிச்சிடுவாங்க மேம் என்பார்கள். ஹாலோ 3 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆய்வாளர்கள் ஒரே வாக்கியங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, பெண் குரலுக்கு மூன்று மடங்கு மோசமான பேச்சு வந்தது. விளையாட்டுதானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பையன்களுக்குக் கணினி பழகுவதும் நண்பர்கள் கிடைப்பதும் இந்த இடங்களில்தான் ஆரம்பிக்கிறது.

கல்யாணம், குழந்தை, அதனால்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. இந்திய அறிவியல் அகாடமிக்காக அனிதா குருப், ரோகிணி கோட்போலே ஆகியோர் 2010இல் வெளியிட்ட அறிக்கை, முனைவர் பட்டம் பெற்ற பிறகு ஆராய்ச்சியில் இருக்கும் பெண்களிடமும் விலகிப்போன பெண்களிடமும் கேட்டு எழுதியது. தகுந்த வேலை கிடைக்காததும் நிறுவனங்கள் நடத்தும் விதமும் பெரிய காரணம், எல்லாப் பழியையும் குடும்பத்தின் மேல் போட முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

தனி ஒருத்தியாக இருப்பதன் கஷ்டம் தமிழ்நாட்டில் எப்போதோ தெரிந்த விஷயம். 1940 வாக்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிக்க வந்த லலிதா, சின்ன வயதிலேயே கணவரை இழந்த, கையில் குழந்தை உள்ள பெண். அவர் ஒருத்தியாக இருக்க வேண்டாம் என்று பெண்களுக்கு இடம் உண்டு என விளம்பரம் செய்தார்கள், தெரசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சேர்ந்தார்கள். நிர்வாகம் மனது வைத்தால் அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது.

எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகள் அந்த அமெரிக்க ஆய்வின் நாட்குறிப்பு முறையை இங்கே செய்யட்டும். முதல் வருடத்திலிருந்தே விருப்பப்பட்ட மாணவிகளும் மாணவர்களும் மாதம் இரண்டு முறை, டீமில் யார் என்ன செய்தார்கள், லேபில் எத்தனை மணி நேரம் இருக்க முடிந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று தமிழிலேயே எழுதட்டும். நீங்கள் வருடம் ஒருமுறை, தேர்ச்சி விகிதம் போடும் அதே பக்கத்தில், அதன் தொகுப்பைப் போடுங்கள். படித்துத் தொகுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், வேறு ஆசிரியைகளையும் அழைத்து வருகிறேன். ஆனால் எழுதியவர் பெயர் எங்கும் வரக் கூடாது, வைவாவில் மதிப்பெண் போடுகிறவர் கைக்கு அந்த நோட்டு ஒருநாளும் போகக் கூடாது. இந்த இரண்டும் உறுதியானால்தான் பெண்கள் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்