எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று பார், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

உன் பட்டியல் கிடைத்தது. கொத்தமல்லி, கறிவேப்பிலை, குடைமிளகாய், பாகல், ரோஸ்மேரி, லாவெண்டர், மல்லிகை. ஏழுக்கும் எதிரே 'வரவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு யாராலும் வைத்தியம் சொல்ல முடியாது. விதை முளைக்கவே இல்லையா, முளைத்து விரல் உயரத்தில் சாய்ந்ததா, உயிரோடு இருந்தும் வளராமல் நிற்கிறதா, இல்லை தளதளவென்று வளர்ந்தும் பூக்காமல் காய்க்காமல் இருக்கிறதா? நாலுக்கும் காரணம் வேறு. முளைக்காத விதைக்கு உரம் போட்டுப் பயனில்லை. காய்க்காத கொடிக்கு உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும். இனிமேல் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குச்சி நட்டு, விதைத்த தேதியையும் எந்த நாளில் என்ன ஆனது என்பதையும் அதில் எழுதி வை.

கொத்தமல்லியில் தொடங்குகிறேன். எல்லாரும் சுலபம் என்று சொல்லும் இந்தச் செடிதான் அதிகம் பேரைத் தோற்கடிக்கிறது. நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் இருக்கின்றன. தரையில் பரப்பி, ஒரு பலகையை வைத்து மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் போதும், நொறுங்கினால் கரு செத்துவிடும். பிறகு 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, வடித்து, 1 சென்டிமீட்டர் ஆழத்தில் விதை. அதற்கு மேல் மண் போடாதே.

அடுத்தது சூடு. மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி இருந்தால் கொத்தமல்லி நன்றாக முளைக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான விதை அப்படியே கிடந்து அழுகும். காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஏமாறாதே, வெயிலில் நிற்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மண் காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும். சாயங்காலம் விதைத்து, மேலே ஈரத்துணி போர்த்தி, நிழலில் வை. முதல் பச்சை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். முளைக்க 7 முதல் 20 நாள் வரை ஆகும். பத்தாம் நாள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம், அதைச் செய்யாதே. பூவாளியின் துளை பெரிதாக இருந்தால் விதையெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு ஓடிவிடும் என்பதால், முளைக்கும் வரை தெளிப்பான் போதும்.

கொத்தமல்லிக்கு ஆணிவேர். சின்னக் குழியில் நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வழக்கம் அதற்கு ஒத்துவராது. வேர் அடிபட்டதும் பூத்துவிடும். 20 சென்டிமீட்டராவது ஆழமுள்ள தொட்டியில் நேரடியாக விதை. பகல் நீண்டு வெயில் ஏறும் காலத்தில் எப்படி வளர்த்தாலும் சீக்கிரம் பூக்கத்தான் செய்யும், அது அதன் இயல்பு. ஒரே தடவை நிறைய விதைப்பதைவிட 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி விதைப்பது மேல்.

விதையே பழையதாக இருந்தால் இத்தனையும் வீண். ஈரமான காகிதத் துணியில் 10 விதையைச் சுற்றி, ஒரு டப்பாவில் மூடி வை. அந்தச் செடிக்கு உரிய நாள் கடந்ததும் எண்ணு. 7 அல்லது அதற்கு மேல் முளைத்தால் விதை, 4 முதல் 6 என்றால் இரண்டு மடங்கு தூவு, அதற்கும் கீழே என்றால் குப்பையில் போடு. வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே வீரியம் இழக்கும். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். எல்லாப் பாக்கெட்டையும் ஒரே கணக்கில் வைக்காதே.

முளைத்த நாற்று தரை மட்டத்தில் நூலாக மெலிந்து, ஒரே இரவில் சாய்ந்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சைகளின் வேலை. நெருக்கி விதைப்பது, மேல்மண் எந்நேரமும் நசநசவென்று இருப்பது, காற்றோட்டம் இல்லாதது, பழைய தொட்டி மண்ணையே நாற்றுக்குப் பயன்படுத்துவது என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும். சாய்ந்த நாற்று பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்ற, தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடு. நாற்று நெருக்கமாக இருந்தால் வலுவில்லாததைக் கத்தரியால் வெட்டு. பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வரும். சாயாமல் வெறுமனே நெட்டையாக வளைந்து போனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மருந்து எதுவும் கிடையாது, இடத்தை மாற்று.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். விதையிலிருந்து வளர்க்க நினைத்தால் ஒன்றை மனதில் வை: அந்த விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. சில வாரத்தில் உயிர் போய்விடும். கருத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி எடுத்து, அந்த வாரமே விதைக்க வேண்டும். உலர்ந்த விதையைப் பாக்கெட்டில் போட்டு யாராவது விற்றால் வாங்காதே. தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து நடலாம், ஆனால் அதற்கென்று தனி வேர் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். தாய்வேரோடு ஒட்டிய துண்டு மட்டும் வந்தால் பல மாதம் அப்படியே நின்று, பிறகு காயும்.

நட்ட முதல் வருடம் மேலே வளர்ச்சி அதிகம் தெரியாது. அந்த நேரத்தில்தான் ஆசைப்பட்டு இலையைப் பறிப்பார்கள், செடியும் அங்கேயே நிற்கும். முதல் வருடம் கை வைக்காமல் இருப்பது நல்லது. பிறகு பறிக்கும்போதும் உதிரி இலையாகக் கிள்ளாமல் முழு இணுக்காக எடு. நுனிக்குருத்தைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். பூங்கொத்து வந்தால் வெட்டிவிடு, சின்னச் செடி காய் காய்ப்பதில் பலத்தைச் செலவழிக்க வேண்டாம். இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கினால் உள்ளே எடுத்து வை. குளிரில் இலை முழுவதும் கொட்டினாலும் செத்துவிட்டதாக முடிவு கட்டாதே. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டு. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திரு.

மஞ்சளடிப்பதை எப்படிப் படிப்பது என்றும் சொல்கிறேன். நுனியில் இருக்கும் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், மண் காரத்தன்மையோடு (புளிப்புக்கு எதிர்) இருப்பதால் வேரால் எடுக்க முடியாது. கடினத் தண்ணீரை நாள்பட ஊற்றினால் தொட்டி மண் காரமாகிவிடும். அங்கே சாதாரண இரும்பு உப்பைப் போட்டால் அதுவும் மண்ணில் பிணைந்துவிடும். கார மண்ணில் வேலை செய்வது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்புதான், பாக்கெட்டில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா பார். அடியிலிருக்கும் முதிர்ந்த இலை நரம்புக்கு நடுவே மஞ்சளடித்தால் மக்னீசியக் குறை. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) அதற்கு மட்டும்தான். எல்லா நோய்க்கும் அதைக் கரைத்து ஊற்றச் சொல்கிறவர்களை நம்பாதே. அடி இலை நரம்பு உட்பட முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், வேர் அழுகலாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, உரம் போடுவதற்கு முன் செடியைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்து வேரைப் பார். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று வந்தால் அழுகல்.

ரோஸ்மேரியும் லாவெண்டரும் உன்னிடம் சாவது அந்த அழுகலால்தான் இருக்க வேண்டும். இரண்டும் வறண்ட, கல்லும் மணலுமான சரிவுகளில் வளர்ந்த செடிகள். தேங்காய் நார் நிறைந்த கலவை அவற்றுக்கு ஆகாது. பாதி மண்கலவை, பாதி பருமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து, மண் தொட்டியில் வை. விரலை 4 சென்டிமீட்டர் ஆழம் விட்டுப் பார், அங்கேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஊற்றினால் அடித்துளை வழியே வழியும் வரை ஊற்று, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் வடியும் என்பது தவறான நம்பிக்கை. கல் அடுக்குக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும், அதனால் வேருக்குக் கிடைக்கும் உலர்ந்த மண்தான் குறைகிறது. கலவை முழுவதையும் மாற்றுவது ஒன்றே வழி.

ரோஸ்மேரி விதையில் பணத்தைப் போடாதே. முளைப்பு குறைவு, வளர்ச்சியோ ஆமை வேகம். பூக்காத நுனிக் கிளையில் 10 சென்டிமீட்டர், கணுவுக்குக் கீழே வெட்டி, அடிப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணல் கலவையில் நடு. வெளிச்சமான நிழலில் 3 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். லாவெண்டரில் வகை முக்கியம். ஆங்கில லாவெண்டர் குளிர்காலம் கண்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். குளிரே இல்லாத இடத்தில் இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு வகை வளர்க்கலாம். எதுவானாலும் வெட்டும்போது இலை இருக்கும் பச்சைத் தண்டோடு நிறுத்து. பழுத்த கட்டைத் தண்டு வரை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.

குடைமிளகாய் பூவைக் கொட்டுகிறது என்றால் வெப்பத்தைப் பார். பகல் 32 டிகிரிக்கு மேல், இரவு 24 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் அதேதான். அந்த நாட்களில் உரத்தைக் கூட்டாதே, மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டி, வேர் காயாமல் பார்த்துக்கொள். வெப்பம் தணிந்ததும் அதே செடி காய்க்கும், வேரோடு பிடுங்கி எறிந்துவிடாதே. தொட்டி 10 லிட்டராவது இருக்கட்டும். தண்டு முதலில் கவட்டையாகப் பிரியும் இடத்தில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிவிடு. காயின் அடி கருத்து அமுங்கினால் அந்தக் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. காரணம் பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். முட்டை ஓடு மண்ணில் கரைய நெடுநாள் ஆகும், இந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது.

பாகலுக்கு விதைத்தோல் கடினம். கூர் முனையின் ஓரத்தை நகவெட்டியால் சற்றே நறுக்கி, ஓர் இரவு ஊறவை. கருவைத் தொட்டுவிடாதே. 25 முதல் 30 டிகிரி சூட்டில் முளைக்கும். கொடி வந்த பிறகு பூத்துப் பூத்து உதிர்கிறது என்று கவலைப்பட்டிருப்பாய். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிப் பாகற்காய் ஒன்று இருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. மாடியில் தேனீ வராவிட்டால் உன் கைதான் தேனீ: அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவு. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும்.

நேரம் தவறினால் பலனில்லை. பாகலும் பூசணியும் விடியலில் மலரும், காலை 9 மணிக்குள் முடித்துவிடு. பீர்க்கு, சுரை, புடல் மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் மலர்பவை. அவற்றைக் காலையில் போய்த் தடவிவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் பலர். கொடி முழுக்க ஆண் பூவாகவே இருந்தால் தழைச்சத்து உரத்தை நிறுத்து.

மல்லிகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும், வருடம் ஒரு முறை கவாத்து வேண்டும். புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால் வெட்டப் பயப்படாதே. தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு மற்றதை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிடு. வெயில் இல்லாத பால்கனி என்றால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

தண்ணீர்க் குவளையில் அவகாடோ கொட்டை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். இலைக்காக வளர்த்துக்கொள். விதைக் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும், காய்த்தாலும் நீ தின்ற பழம் போலவே இருக்காது. பழம் வேண்டுமென்றால் ஒட்டுக் கன்று வாங்கு. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது ஒடித்துவிடு, விட்டுவைத்தால் அது மேலே உள்ளதை அமுக்கிவிடும்.

இந்த வாரம் மூன்று வேலை மட்டும் செய். ரோஸ்மேரியைச் சாய்த்து வேரைப் பார்த்து, மண்கலவையை மாற்று. கொத்தமல்லி விதையில் 10 எடுத்துப் பிளந்து, ஈரத்துணியில் கட்டி வை. கறிவேப்பிலையின் நுனி இலை ஒன்று, அடி இலை ஒன்று, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்கும் வரை எந்த உரமும் போடாதே.

அன்புடன்,
அப்பா